ஜெசிந்தாக்கா கண்ணுக்குள் இருப்பது நான்தான்

உட்காருங்க சார். சோபா வேண்டாம், அந்தப் பிரம்பு நாற்காலியிலேயே உட்காருங்க. உங்களுக்கென்றே அப்பா இழுத்துப் போட்டுவிட்டுப் போனது அது. ஜன்னல் கதவில் ஒன்றைச் சாத்தி, ஒன்றைத் திறந்து, திறந்ததை மறுபடி பாதி சாத்தி, தள்ளி நின்று பார்த்து... காற்று வரட்டும் என்றுதான் செய்திருப்பார். காற்று வருகிறதா? வரவில்லை, இல்லையா? எங்கப்பா செய்கிற காரியம் எல்லாம் இப்படித்தான்.

இப்ப வந்திடுவார் சார். பால் வாங்கத்தான் போயிருக்கார், தெருமுனைக் கடைக்கு. என்னிடம் என்ன சொல்லிவிட்டுப் போனார் தெரியுமா? இதோ இந்த முக்காலியைக் காட்டி, "மௌனி, இங்கயே உக்காரு. சார் பெரிய மனுசரு. நான் வர்ற வரைக்கும் வாயத் தொறந்தே, அவ்வளவுதான்." நீங்களும் கேட்டுக்கொண்டுதானே இருந்தீங்க.

ஆமாம் சார், என் பெயர் மௌனிகா. அப்பா வைத்த பெயர். பிறந்த அன்றைக்கே நான் போட்ட சத்தத்தைக் கேட்டு வேண்டுதல் மாதிரி வைத்திருக்கிறார். பலிக்கவில்லை.

பேசக் கூடாது என்றால் பேசாமல் இருக்க வேண்டியதுதான். ஆனால் நீங்கள் வந்திருப்பது புகார் விசாரிக்க. அப்பா வந்தால் என்ன பேசுவார் என்று நினைக்கிறீங்க? அவர் தாலுகா ஆபீசில் சர்வேயர். வேலியில் இந்தப் பக்கம் ஒருத்தர், அந்தப் பக்கம் ஒருத்தர் நின்று கத்துவார்கள். அப்பா நடுவில் அளவுச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு, கல் மாதிரி நிற்பார். வீட்டிலும் அதே கல்தான். நீங்கள் என்ன கேட்டாலும், "ஆமாங்க", "இல்லீங்க", "பாக்கலாமுங்க". இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு ஒரு முதல் பரிசைக் காப்பாற்ற முடியுமா சார்? அதனால் நான் சொல்கிறேன். நடந்தது நடந்தபடி.

முதலில் இந்தச் சுவரைப் பாருங்க. பல்லைக் காட்டிக்கொண்டு திரும்பிப் பார்க்கிறாரே, அவர் மூலனூர் சந்தை ஆட்டு வியாபாரி கருப்பணன். உங்கள் புகைப்பட மன்றத்தின் ஊக்கப் பரிசு. பக்கத்தில், நாற்காலியிலிருந்து பாதி எழுந்த மாதிரி இருக்கிறாரே, ஒட்டன்சத்திரம் தக்காளி மண்டிக் கணக்குப்பிள்ளை. மூன்றாம் பரிசு. "எதிர்பாராத கணத்துக்காகக் காத்திருக்கும் அபூர்வமான பொறுமை" என்று உங்கள் நடுவர் குழு எழுதிக் கொடுத்தது. அம்மா அதைக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறாள். பொறுமையாம் சார்! எனக்குச் சிரிப்பு வந்துவிடும்.

அப்பா எப்படிப் படமெடுப்பார் என்று சொன்னால் உங்களுக்குப் புரியும். ஆளைக் கேட்காமல் எடுக்க மாட்டார். "உங்களை ஒரு படம் எடுத்துக்கலாமுங்களா?" என்று கேட்டு, அவர்கள் தலையாட்டினால்தான் கேமராவைத் தூக்குவார். உங்களிடம்கூட வந்ததும் வராததுமாகக் கேட்டாரே! நீங்களும், "ம்ம், எடுங்க" என்றீங்க. என்றதிலிருந்து முதுகு நாற்காலியில் படாமல் உட்கார்ந்திருக்கீங்க. அதுதான் சார் சங்கடமே. கேட்டவுடன் ஆள் கம்பமாகிவிடுகிறான். அதுவரை சிரித்துப் பேசிக்கொண்டு, மூக்கைச் சொறிந்துகொண்டு இருந்தவர், சட்டைப் பொத்தானைப் போட்டு, கையைத் தொடையோடு ஒட்டி, ரேஷன் கார்டுக்குப் போஸ் கொடுக்கிற மாதிரி முறைப்பார். அப்பா உடனே, "சாதாரணமா இருங்க" என்பார். அதைக் கேட்டதும் அந்த ஆள் கண் இமைப்பதையும் நிறுத்திவிடுவார்.

கருப்பணனும் அப்படித்தான் நின்றார். அப்பா என்னிடம் ஒரு வேப்பமரத்தடியைக் காட்டி, "அங்க போய் உக்காரு, வாயைத் தொறக்காதே" என்றார். எனக்கு அந்த ஒரு சொல் போதும் சார். அதுவரை சும்மா இருந்த தொண்டையில் எறும்பு ஊர ஆரம்பித்துவிடும். ஒரு ஆட்டுக்குட்டி கயிறு அறுத்துக்கொண்டு ஓடினால் எப்படிக் கத்தும்? "ம்ம்மே... ம்ம்மெஹெஹே..." அவ்வளவுதான். மனிதர், "அடங்கொக்கமக்கா!" என்று திரும்பினார் பாருங்க, அந்த முகம்தான் சுவரில் இருக்கிறது.

கணக்குப்பிள்ளைக்கு அவருடைய முதலாளி குரல். "ஏம்ப்பா கணக்கு! தூங்கறியா?" அவ்வளவுதான், நாற்காலியில் மனிதர் பாதிதான் இருந்தார்.

அப்பாவுக்குத் தெரியுமா என்றா கேட்கறீங்க? எங்கப்பாவுக்கா? நன்றாகக் கேட்டீங்க போங்க. கேமராவில் கண்ணை வைத்துவிட்டால் அவருக்கு உலகமே அந்தச் சின்னச் சதுரம்தான். காது வேலை செய்யாது. ஆட்டுக்குட்டியை உண்மையான ஆட்டுக்குட்டி என்று நினைத்திருப்பார், பாவம். ஆனால் ஒன்று சார். என்னை எங்கே உட்கார வைத்தாலும், அவருக்குப் பின்னால், கொஞ்சம் இடது பக்கமாகத்தான் உட்கார வைப்பார். "அங்க இருந்தாத்தான் எனக்குத் தொந்தரவு இல்லை" என்பார். அதனால்தான் அவர் எடுத்த முகங்கள் எல்லாம் ஒரே பக்கமாகப் பார்க்கும். அதைக்கூட உங்கள் ஆட்கள், "செல்லமுத்துவின் தனிப் பாணி" என்று எழுதியிருக்கிறார்கள்.

நடுவில் ஒரு வருஷம் எனக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை. அப்பா தனியாக வண்டியை எடுத்துக்கொண்டு வால்பாறை வரைக்கும் போய் வந்தார். கொண்டு வந்த முகங்களைப் பார்த்தீங்கன்னா, எல்லாரும் தேசிய கீதத்துக்கு எழுந்து நிற்பதுபோல இருந்தது. ஒரு பரிசும் கிடையாது. "வெளிச்சம் அமையலை" என்றார். நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். மறு வருஷம் கோடை விடுமுறைக்கு முதல் நாளே வந்து நிற்கிறார்: "மௌனி, குமரிப் பக்கம் போறேன், வர்றியா?"

அம்மா சமையலறையிலிருந்தே சத்தம் போட்டாள். "ஏனுங்க, இந்தக் கழுதையக் கூட்டீட்டுப் போனா ஊரு ஊருக்கு வம்பு இழுத்துட்டு வரும். தனியாப் போனா நிம்மதியாப் படம் புடிக்கலாமல்லங்க?" அதற்கு அப்பா, "வண்டியில பேச்சுத் துணை வேணுமல்ல" என்றார். பேச்சுத் துணை! தாராபுரத்திலிருந்து திண்டுக்கல் வரைக்கும் அவர் பேசியது ஒரே வார்த்தை. "பெட்ரோல்."

பழைய ஆம்னி வண்டி சார் எங்களுடையது, முன்னால் உட்கார்ந்தால் ரோடு மடியில் வந்து விழும். நான் வழியெல்லாம் குரல் பொறுக்கிக்கொண்டு போனேன். திண்டுக்கல் தாண்டினால் பேச்சில் காரம் ஏறும். மதுரையில் டீக்கடைக்காரர், "என்னாண்ணே, சீனி கம்மியாவா? அம்புட்டுத்தேன்!" திருநெல்வேலியில் பஞ்சர் ஒட்டுகிறவர், "ஏ அண்ணாச்சி, டயராலே இது, டவுசரு மாதிரில்லா கெடக்கு." நாகர்கோவிலில் இட்லிக்கடை அம்மா, "மக்ளே, இன்னும் ரெண்டு வைக்கட்டா? வெக்கப்படாம தின்னு பிள்ளே." எல்லாவற்றையும் வண்டியில் திரும்பச் சொல்லிப் பார்ப்பேன். அப்பா ரோட்டைத்தான் பார்ப்பார். "அந்த இட்லிக்கடைக்காரம்மா குரலு கடைசியில கொஞ்சம் மேல போவும்" என்று ஒரு தடவை சொன்னார். தூக்கக் கலக்கத்தில் உளறியிருப்பார்.

காப்பி வந்தாச்சு, எடுத்துக்குங்க சார். பால் ஏது என்று கேட்காதீங்க. ஃப்ரிட்ஜில் இரண்டு பாக்கெட் இருக்கிறதாம், அம்மா சொல்கிறாள். அப்பாவுக்கு எங்கே தெரியப்போகிறது?

எங்கே விட்டேன்? ஆங், கடற்கரை. குளச்சலுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு ஊர். விடிந்து வெயில் ஏறுகிற நேரம், வள்ளங்கள் எல்லாம் கரைக்கு வந்துவிட்டன. மணலில் கூடை கூடையாகச் சாளை மீன். நடுவில் நின்று ஏலம் விட்டுக்கொண்டிருந்தாள் ஜெசிந்தாக்கா. புகாருக்குக் காரணமான முகம் அதுதான். நீங்கள் படத்தில்தானே பார்த்தீங்க? நேரில் குரலைக் கேட்கவேண்டும் சார். சங்கைத் தண்ணீருக்குள் வைத்து ஊதின மாதிரி இருக்கும். "சாளை! சாளை! இப்ப ஏறின சாளை! பாத்து எடு, கண்ணத் தொறந்து உன்னத்தான் பாக்குது! ஒருதரம்..." எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கேட்ட உடனே தொண்டைக்குள் எடுத்து வைத்துக்கொண்டேன்.

அப்பா கிட்டே போய் வழக்கம்போலக் கேட்டார். "எடுத்துக்கலாமுங்களா?"

அக்கா மேலும் கீழும் பார்த்தாள். "எனக்க மொகத்த வச்சு என்னத்தச் செய்யப் போற அண்ணா? உப்புப் போட்டு ஒணக்கப் போறியா? எடு, எடு."

அவ்வளவுதான். கேமரா மேலே போனதும் அக்கா முந்தானையை இழுத்துச் செருகி, வாயை மூடி, கோயிலில் திவ்ய நற்கருணைக்கு நிற்கிற மாதிரி நின்றுவிட்டாள். ஏலமே நின்றுபோயிற்று. மீன் வாங்க வந்தவர்கள் கத்த ஆரம்பித்தார்கள். "ஏக்கா, சாளை நாறிப் போவும்! படம் பொறவு பிடிக்கலாம்!" அக்கா அசையவில்லை. அப்பா, "நீங்க பாட்டுக்கு ஏலம் விடுங்க, சாதாரணமா இருங்க" என்றார். அக்காவின் உதடு மட்டும் பேச்சுப் போட்டியில் மறந்துபோன பிள்ளை மாதிரி ஒரு தடவை அசைந்தது.

அப்பா என்னைப் பார்த்தார். கவிழ்த்துப் போட்ட ஒரு கூடையைக் காட்டினார், பின்னால், இடது பக்கம். "மௌனி, இது அவங்க தொழில் நடக்கற எடம். வாயத் தொறந்தே, தோலை உரிச்சுப்போடுவேன்."

தோலை உரிப்பேன் என்று சொல்லிவிட்டால் நான் என்ன சார் செய்வது? நீங்களே சொல்லுங்க.

கையைக் குவித்து வாயில் வைத்தேன். "சாளை! சாளை! இப்ப ஏறின சாளை! கண்ணத் தொறந்து உன்னத்தான் பாக்குது! ஒருதரம்..." ஜெசிந்தாக்கா அப்படியே நிற்கிறாள், வாய் மூடியிருக்கிறது, அவள் குரல் மட்டும் கடற்கரை முழுக்கப் போய்க்கொண்டிருக்கிறது. வாங்க வந்தவர்கள் அவளுடைய மூடின வாயைப் பார்த்து முழிக்கிறார்கள். "ரெண்டுதரம்..." அந்த நேரம் பார்த்து வெயில் லென்சில் அடித்திருக்கிறது. அப்பா அதை மறைக்க இடது கையைத் தூக்கினார். ஏலத்தில் கையைத் தூக்கினால் என்ன அர்த்தம்? எனக்கு நிறுத்த வரவில்லை சார், குரல் அதன் போக்கில் போகிறது. "மூணுதரம்! அந்த கேமராக்கார அண்ணனுக்கு!"

அக்கா ஒரு கையால் தன் தொண்டையைத் தொட்டுப் பார்த்தாள். இருக்கிறதா போய்விட்டதா என்று பார்க்கிற மாதிரி. அப்புறம் கண் மட்டும் என் பக்கம் திரும்பியது. கோபம், பயம், சிரிப்பு எல்லாம் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு வாசலுக்கு வருகிற மாதிரி ஒரு முகம். கிளிக்.

அடுத்த நிமிஷம், "எனக்க தொண்டையக் களவாண்டது எவளாக்கும்? சவமே, நில்லுட்டீ!" என்று கூடை மூடியை எடுத்துக்கொண்டு துரத்தினாள். ஈர மணலில் என்னால் ஓட முடியவில்லை. பிடித்துவிட்டாள். காதைத் திருகினாள். திருகிக்கொண்டே, "இன்னொருக்கச் சொல்லு பிள்ளே" என்றாள். சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு மணலில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு அவள் தங்கச்சிக்காக ஒரு தடவை, மாமியாருக்காக ஒரு தடவை, தெருவுக்காக ஒரு தடவை.

ஆனால் ஒன்றில் மட்டும் கறாராக இருந்துவிட்டாள். "ஏலம் ஏலம்தான் அண்ணா. எனக்க சத்தத்துல மூணுதரம் விழுந்தாச்சு. கூடையத் தூக்கு."

எங்கம்மா கவிச்சியைக் கண்ணால்கூடப் பார்க்க மாட்டாள் சார். ஒரு கூடை சாளையை வைத்துக்கொண்டு நாங்கள் ஊர் திரும்பியதை நினைத்துப் பாருங்க. நாகர்கோவில் இட்லிக்கடை அம்மாவுக்குக் கொஞ்சம், பஞ்சர் கடைக்காரருக்குக் கொஞ்சம், சோதனைச் சாவடியில் வண்டிக்குள் தலையை விட்ட போலீஸ்காரருக்குக் கொஞ்சம். கூடை காலியாகிவிட்டது. வாசனைதான் எங்களோடு தாராபுரம் வந்து இறங்கி, இன்னும் வண்டியை விட்டுப் போகவில்லை. அம்மா வாசலிலேயே மூக்கை மூடிக்கொண்டு கேட்டாள்: "ஏனுங்க, போட்டோ புடிக்கப் போனீங்களா, மீன் புடிக்கப் போனீங்களா?"

அந்தப் படத்துக்குத்தான் 'இயல்முகம்' பிரிவில் முதல் பரிசு. எங்கப்பாவுக்கு முதல் முதல் பரிசு சார். செய்தி வந்த அன்றைக்கு அப்பா, ஞாயிற்றுக்கிழமை பரிசளிப்பு விழாவுக்குப் போட வேண்டிய சட்டையைத் தானே இஸ்திரி போட்டு அந்தக் கதவில் மாட்டிவிட்டார். பாருங்க, இன்னும் தொங்குகிறது. யாரையும் தொட விடவில்லை. ஜெசிந்தாக்காவுக்குப் போன் போட்டுச் சொன்னார். அக்கா அந்தப் பக்கத்தில் கத்தியது தெருவுக்கே கேட்டது. "ஞாயித்துக்கெழம நாங்க வேன் பிடிச்சு வாறோம் அண்ணா! எனக்க மொகத்தச் சொவத்துல பாக்காண்டாமா?"

இப்போது நீங்கள் வந்து பரிசை ரத்து செய்துவிட்டால், அவர்கள் வேன் பிடித்து வந்து எதைப் பார்ப்பார்கள்? ஆணியையா?

புகார் கொடுத்தது பல் டாக்டர் குலசேகரன்தானே? நீங்கள் சொல்ல வேண்டாம், எனக்குத் தெரியும். வருஷா வருஷம் முதல் பரிசு அவருக்குத்தான். இந்த வருஷம் இரண்டாவது. படத்தைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறார். பல்லுக்குள் பார்த்துப் பழகின மனிதர் கண்ணுக்குள் பார்க்காமல் இருப்பாரா? ஜெசிந்தாக்காவின் கண்மணிக்குள், கடல், வள்ளம், அதற்கு முன்னால் குட்டியாக ஒரு பெண், வாயில் கை குவித்துக்கொண்டு. "ஆ... இன்னும் பெருசா... ம்ம், இங்க ஒண்ணு சொத்தையா இருக்கே!" என்று சொல்லியிருப்பார், இல்லையா? பார்த்தீங்களா, உங்கள் மீசை ஆடியது!

ஆமாம் சார், அது நான்தான். அதில் மறைக்க என்ன இருக்கிறது? உங்கள் விதி என்ன சொல்கிறது? படமெடுப்பவர் சொல்லாலோ சைகையாலோ எந்தக் குறிப்பும் தரக் கூடாது. அப்பா தந்தாரா? "சாதாரணமா இருங்க" என்று சொன்னது ஒன்றுதான். அந்தக் குறிப்பை உலகத்தில் ஒருத்தராவது கேட்டு நடந்ததுண்டா? என்னிடம் அவர் சொன்னது "பேசாதே". நான் பேசினேன். அப்படியென்றால் யார் மேல் குற்றம்? குருவி கத்தினதால் ஒருத்தர் திரும்பிப் பார்த்தால், குருவியைப் பிடித்து விசாரிப்பீங்களா?

வந்ததிலிருந்து சார், அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு, தடுப்பூசி போட வந்த குழந்தை மாதிரி அதைத் தட்டிக்கொண்டே இருக்கீங்க. நீங்கள் வந்தது எப்படி இருந்தது தெரியுமா? வேண்டாம், அப்பா திட்டுவார். சரி, கேட்கிறீங்க, செய்து காட்டுகிறேன், ஒரே ஒரு தடவை. செருப்பைக் கழற்றி, இரண்டையும் ஒட்டி வைத்து, கொஞ்சம் கோணல் என்று மறுபடி குனிந்து சரிசெய்து, "க்ஹும்... க்ஹும்... ஆங், அதாவது... செல்லமுத்துங்களா? ஒரு சின்ன விசாரணைங்க. நீங்க சங்கடப்பட வேண்டாம். ஆனா சங்கடமான விசயந்தானுங்க. க்ஹும். தண்ணி வேண்டாம்... சரி, கொஞ்சம் குடுங்க..."

ஐயோ சார், பை! பை விழுது! காப்பி! சிரிக்காதீங்க, புரை ஏறிடும்...

அட, அப்பா! நீ எப்ப வந்தே? உள்ளறைத் திரைக்குப் பின்னால் என்ன செய்கிறாய்? கொல்லைப்புறமாகவா வந்தே? கேமரா எப்படி உன் கையில் வந்தது?

பாருங்க சார், நான் சொல்லவில்லை? நீங்கள் சிரித்த சமயம் சரியாக வந்து சேர்ந்திருக்கிறார். இதுதான் எங்கப்பாவுடைய அதிர்ஷ்டம். காட்டுப்பா, சாரும் பார்க்கட்டும். எங்கே... சார்! நீங்களா இது? இந்த முகத்தை இவ்வளவு நேரம் எங்கே வைத்திருந்தீங்க?

என்ன சார் கேட்கிறீங்க? இதிலும் பெரிதாக்க முடியுமா என்றா? அந்தப் பட்டனை அழுத்துங்க. இன்னும். இன்னும். அய்யய்யோ, உங்கள் கண்ணுக்குள்ளும் நான் இருக்கிறேன், முக்காலியோடு!

அப்பா, சார் உன்னைத்தான் கேட்கிறார். "இவளை நீங்கதான் பேசச் சொல்லிட்டுப் போனீங்களா?" என்று கேட்கிறார். வாயைத் திறந்து பதில் சொல்லு.

"பேசாதேன்னுதானுங்க சொல்லீட்டுப் போனேன். உங்க முன்னாடிதானுங்களே சொன்னேன்."

பார்த்தீங்களா சார்? நானே சாட்சி. நீங்களும்தான். எதற்கு சார் அப்பாவையே அப்படிப் பார்க்கிறீங்க? அப்பா, நீ எதற்கு மின்விசிறியைப் பார்க்கிறாய்? அம்மா, நீ எதற்கு வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நிற்கிறாய்? என்ன ஆச்சு எல்லாருக்கும்?

சரி, எழுந்துவிட்டீங்க. விசாரணை முடிந்துவிட்டதா? முடிவைச் சொல்லாமல் போனால் எப்படி சார்... என்ன? அந்தம்மாவை ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் சீக்கிரமே வரச் சொல்லட்டுமா? முன் வரிசை நாற்காலியா? சார்! இருங்க, அக்கா குரலிலேயே உங்களுக்கு ஒரு நன்றி... சரி சரி, வேண்டாம், அன்றைக்கு அவளே சொல்வாள். உங்கள் படம் ஒரு பிரதி வேண்டுமா? வீட்டில் காட்டவா? தருவார் சார், பெரிதாகவே போட்டுத் தருவார்.

பார்த்துப் போங்க, செருப்பு அங்கேதான், ஒட்டி வைத்தபடியே இருக்கிறது.

அப்பா, பால் எங்கே?

பாருங்க சார், திருதிருவென்று முழிக்கிறார். பால் வாங்கப் போனவர் பாலையே மறந்துவிட்டு வந்திருக்கிறார். இதைத்தான் நான் அப்போதிருந்து சொல்கிறேன். பாவம் சார், ஒன்றுமே தெரியாத மனுஷன்.